மேடை கலைந்த பிறகு மிஞ்சுவது: தொடக்கக் கால ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களின் தடயங்கள் எப்படிக் காக்கப்படுகின்றன?

அடெலினா பட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற ஓபரா பாடகிகளில் ஒருவர். 1905-இல், அறுபது வயதைக் கடந்திருந்த அவருடைய குரலைப் பிடித்துவைக்க, வேல்ஸில் இருந்த அவரது மாளிகைக்கே ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டுபோனார்கள். அந்தப் பதிவுகளை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் சிசியரெட்டா ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாடகி இருந்தார். பத்திரிகைகள் அவரைப் பட்டியோடு ஒப்பிட்டு ‘பிளாக் பட்டி’ என்று அழைத்தன. அந்தப் பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. மேடம் ஜோன்ஸ் என்று அழைக்கப்படவே விரும்பினார். 1892-இல் வெள்ளை மாளிகையில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் முன்னிலையில் பாடினார். அதே ஆண்டு, இன்று கார்னகி ஹால் என்று நாம் அறியும் அரங்கில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். 1894-இல் இசையமைப்பாளர் துவோர்ஷாக் நடத்திய நியூயார்க் கச்சேரியிலும் பாடினார். ஓபரா அரங்குகள் மட்டும் அவருக்குக் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அதனால் 1896 முதல் ‘பிளாக் பட்டி ட்ரூபடோர்ஸ்’ என்ற குழுவோடு ஊர் ஊராகப் போனார். முதலில் நகைச்சுவையும் ஆட்டமும் நடக்கும். நிகழ்ச்சியின் பிற்பகுதியில் இவர் வந்து ஓபராப் பகுதிகளைப் பாடுவார்.

இவ்வளவு பாடியவரின் குரல் ஒரு நொடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு பதிவும் இல்லை.

பழைய மேடைக் கலைஞர்களின் மரபைக் காப்பது என்றால் என்ன என்று முதன்முறையாக யோசிப்பவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஓவியருக்கு ஓவியம் மிஞ்சும், எழுத்தாளருக்குப் புத்தகம் மிஞ்சும். மேடைக் கலைஞரின் படைப்போ திரை விழுந்ததும் முடிந்துவிடுகிறது. அதைச் சுற்றி உதிர்ந்து கிடப்பவைதான் நமக்குக் கிடைக்கின்றன: நாடக நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி, பாட்டின் இசைக்குறிப்பு, போட்டோ, உடை, கடிதம், மெழுகு உருளை, படச்சுருள், கல்லறைக் கல். இவற்றைத் தேடி எடுத்து, கெடாமல் வைத்து, யாருடையவை என்று அடையாளம் கண்டு, மற்றவர்கள் பார்க்கும்படி திறந்துவிடுவதுதான் மரபைக் காப்பது. இந்த நான்கில் எது தவறினாலும் மற்ற மூன்றால் பயனில்லை.

ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியது?

கலைஞர்கள் எல்லோருக்கும் காலம் பகைதான். ஆனால் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களின் தடயங்களைக் காலம் மட்டும் அழிக்கவில்லை. அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். அதற்குமுன் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம். விடுதலைக்குப் பிறகும் பெரிய அரங்குகள் இவர்களைத் தள்ளியே வைத்தன. பெரிய பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதியபோது கேலியாகவே பெரும்பாலும் எழுதின. ஒலிப்பதிவு நிறுவனங்கள் எந்தக் குரல் விற்கும் என்று தாங்களாகவே தீர்மானித்துக்கொண்டன. கறுப்பினப் பாடகர் சிரிப்புப் பாட்டுப் பாடினால் விற்கும், ஓபரா பாடினால் விற்காது என்பது அவர்கள் கணக்கு. சிசியரெட்டா ஜோன்ஸின் குரல் நம்மிடம் இல்லாமல் போனதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணமும் இதில் முக்கியம். ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்களுக்குப் பெட்டி பெட்டியாகப் பொருள் சேர்த்து வைக்க நிலையான வீடு ஏது? முதுமையில் வறுமை வந்தபோது பதக்கமும் நகையும்தான் முதலில் விலை போயின. ஜோன்ஸுக்கும் அதுவே நடந்தது. 1933-இல் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

ஒரு நோட்டீஸ் எவ்வளவு சொல்லும்?

1821-இல் நியூயார்க்கில் வில்லியம் பிரவுன் என்பவர் ஆப்பிரிக்கன் குரோவ் என்ற அரங்கைத் தொடங்கினார். முன்பு கப்பலில் பணியாளராக இருந்தவர். ஞாயிறு மாலைகளில் கறுப்பின மக்கள் கூடிப் பேசிப் பாட ஒரு தோட்டம் நடத்தியவர், அதையே நாடக அரங்காக வளர்த்தார். அங்கே ஜேம்ஸ் ஹியூலெட் என்ற நடிகர் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தார். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுமையாக ஒழிய 1827 வரை ஆனது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மேடையில் ஒரு கறுப்பின நடிகர் அரசனாக முடி தரித்து நின்றதன் வீரியம் புரியும். பக்கத்தில் பெரிய அரங்கு நடத்தியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. போலீஸ் புகுந்தது, நடிகர்கள் கைது செய்யப்பட்டார்கள், சில ஆண்டுகளில் அரங்கு மூடப்பட்டது.

பிரவுன் தாமே ஒரு நாடகம் எழுதினார். கரீபியத் தீவான செயின்ட் வின்சென்ட்டில் கறுப்பின மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கதை அது. தலைவனின் பெயர் ஷாட்டவே. அமெரிக்கக் கறுப்பினத்தவர் எழுதியதாக நாம் அறியும் முதல் நாடகம் அதுதான். அதன் ஒரு வசனம்கூட நம்மிடம் இல்லை. 1823-இல் அந்த நாடகம் நடந்தது என்று சொல்லும் நோட்டீஸ்தான் அது இருந்ததற்குச் சான்று.

நோட்டீஸ் என்பது அன்று இரவே கசக்கி எறிவதற்காக மலிவுத் தாளில் அச்சடித்தது. ஆனால் பயிற்சி பெற்ற ஆராய்ச்சியாளர் அதிலிருந்து எத்தனையோ எடுப்பார். நடிகர்களின் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது? யார் பெயர் பெரிய எழுத்தில்? கட்டணம் எவ்வளவு? நாடகத்துக்கு நடுவே யார் ஆடினார்கள், யார் பாடினார்கள்? ஒரே குழுவின் நோட்டீஸ்களைத் தேதிவாரியாக அடுக்கினால் அவர்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்ற வரைபடமே கிடைத்துவிடும்.

ஐரா ஆல்ட்ரிட்ஜின் வாழ்க்கையை மீட்டெடுக்க இந்த வழிதான் பெரிதும் உதவியது. 1807-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாய்நாட்டில் நடிக்க வழியில்லை என்று பதினேழு வயது வாக்கில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1833-இல் லண்டனின் காவன்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்தார். லண்டன் பத்திரிகைகள் சில அவரை நிறத்தை வைத்தே தாக்கின. இரண்டே நாளில் அந்த வாய்ப்பு முடிந்தது. அவர் ஓயவில்லை. சிற்றூர் அரங்குகளில் ஆண்டுக்கணக்கில் நடித்தார், 1852-க்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் போனார், ரஷ்யா வரை புகழ் பெற்றார். 1867-இல் போலந்தின் ஊச் நகரில் நாடகப் பயணத்தின்போதே இறந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே பேணப்படுகிறது. போலந்து நாடகக் கலைஞர்களின் சங்கம் அதைப் பார்த்துக்கொள்கிறது. பிறந்த நாடு மறந்திருந்த காலத்தில் அவரை இன்னொரு நாடு தன் கலைஞராக நினைத்துக் காத்தது என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

அவருடைய மகள் அமாண்டா ஆல்ட்ரிட்ஜ் பாடகி, இசையமைப்பாளர், புகழ்பெற்ற குரற்பயிற்சி ஆசிரியை. 1956 வரை லண்டனில் வாழ்ந்தார். அப்பாவின் பொருட்களைப் பத்திரமாக வைத்திருந்தவர் அவர்தான். குடும்பத்தில் ஒருவர் தூக்கி எறியாமல் இருந்தால், நூறு ஆண்டு கழித்து ஒரு வாழ்க்கை வரலாறு எழுத முடிகிறது.

எழுதி வைத்த பாட்டு, அச்சான நாடகம்

1871-இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய கல்விக்கூடம் அது. நிதி திரட்ட, பின்னர் ‘ஜூபிலி பாடகர்கள்’ என்று அழைக்கப்பட்ட ஒன்பது மாணவர்கள் பாடப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அன்றைய வெள்ளையர் குழுக்களைப்போல நாகரிகப் பாட்டுகளைப் பாடித் தொடங்கியவர்கள், பிறகு தங்கள் பெற்றோர் வயல்களிலும் வழிபாட்டிலும் பாடிய பக்திப் பாட்டுகளை மேடையேற்றினார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் கட்டடம் 1876-இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. பிறகு ஃபிரெடரிக் லாவ்டின் தலைமையில் ஒரு ஜூபிலிக் குழு 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றியது. ஆஸ்திரேலியா, இலங்கை, இந்தியா, ஜப்பான் என்று நீண்ட அந்தப் பயணத்தில் ஆக்ராவின் தாஜ்மகாலிலும் பாடினார்கள்.

1872-லேயே இந்தப் பாட்டுகளை மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதி அச்சிட்டுவிட்டார்கள். அதனால் மெட்டு தப்பியது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சுரங்களுக்கு நடுவே வழுக்கிப்போகும் குரல், ஒருவர் தொடங்க மற்றவர்கள் மேலே விழுந்து பாடுவது, கால் தட்டு, தேம்பல் இவையெல்லாம் ஐந்து கோடுகளுக்குள் அடங்காது. எழுதி வைத்ததால் ஒன்று காக்கப்பட்டது. எழுத முடியாதது நழுவியது. ஆவணம் என்ன சொல்கிறது என்று கேட்கும்போதே, எதைச் சொல்ல அதற்கு வழியில்லை என்றும் கேட்கப் பழக வேண்டும். 1909-இல் ஃபிஸ்க் பாடகர்களை விக்டர் நிறுவனம் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டு இன்று அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது. அதில் பாடுவது நான்கு ஆண்கள். எலா ஷெப்பர்ட், ஜென்னி ஜாக்சன், மேகி போர்ட்டர் போன்ற பெண்கள்தான் முதல் குழுவின் உயிர். அவர்கள் குரல் நமக்குக் கேட்காது.

சில சமயம் ஆவணத்தைக் காத்தது அன்பு இல்லை, சட்டம். 1903 பிப்ரவரியில் ‘இன் டஹோமி’ என்ற இசை நாடகம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அரங்கேறியது. எழுத்தும் இசையும் நடிப்பும் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களுடையவை. இசை வில் மேரியன் குக், பாடல்கள் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார், முன்னணி நடிகர்கள் பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர், ஐடா ஓவர்டன் வாக்கர். அதே ஆண்டு லண்டனுக்குப் போனார்கள். இளவரசர் எட்வர்டின் பிறந்த நாளில் பக்கிங்காம் அரண்மனையில் நடித்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் எந்த நாடகம் ஆனாலும் முன்கூட்டியே பிரதியைத் தணிக்கை அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அப்படிக் கொடுத்த பிரதி பத்திரமாகத் தங்கிவிட்டது. பாடல்களின் இசைக்குறிப்பும் லண்டனில்தான் புத்தகமாக அச்சானது. கலைஞர்களைக் கட்டுப்படுத்த வைத்த நடைமுறை, அவர்கள் படைப்பைக் காத்துக் கொடுத்தது.

மெழுகில் சிரித்தவர்

ஜார்ஜ் வாஷிங்டன் ஜான்சன் 1846 வாக்கில் வர்ஜீனியாவில் பிறந்தவர். நியூயார்க்கின் படகுத் துறைகளில் விசிலடித்துப் பாடிக் காசு வாங்கியவரை 1890-இல் ஒலிப்பதிவுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஒலிப்பதிவில் புகழ் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் இவர்தான். அன்று பதிவு மெழுகு உருளைகளில். ஒன்றிலிருந்து ஏராளமாகப் பிரதி எடுக்கும் வசதி இல்லை. ஆகவே சில கருவிகளைச் சுற்றி வைத்து, ஒரே பாட்டை மறுபடி மறுபடி பாட வேண்டும். அவருடைய ‘சிரிப்புப் பாட்டு’ விற்பனையில் உச்சியில் இருந்தது என்றால், அத்தனை தடவை அவர் நின்று சிரித்திருக்கிறார் என்று பொருள்.

அந்தப் பாட்டின் வரிகள் கறுப்பினத்தவரையே இழிவுபடுத்துபவை. சந்தை அவரிடம் கேட்டது அதைத்தான். 1914-இல் வறுமையில் இறந்தார். குவீன்ஸ் பகுதியின் கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப் பலகை இல்லாத குழியில் புதைத்தார்கள். மெழுகு உருளை பூஞ்சை பிடிக்கும், ஊசி ஓட ஓடத் தேயும், கைதவறினால் உடையும். இப்போது உருளையின் மேற்பரப்பை ஒளியால் அளந்து ஒலியைக் கணினியில் மீட்கும் முறைகள் வந்துவிட்டன. ஊசி படவே தேவையில்லை.

நூறு ஆண்டு உறங்கிய படம்

பெர்ட் வில்லியம்ஸ் 1874-இல் பகாமாஸ் தீவுகளின் நாசோவில் பிறந்தார். ஜார்ஜ் வாக்கரோடு சேர்ந்து அமெரிக்காவின் மிகப் பெரிய நகைச்சுவை இரட்டையராக வளர்ந்தார். வாக்கர் 1911-இல் இறந்துபோனார். வில்லியம்ஸ் 1910-லேயே ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற வெள்ளையர் நிகழ்ச்சியில் சேர்ந்து, அதன் நட்சத்திரங்களில் ஒருவர் ஆகியிருந்தார்.

1913-இல் பயோகிராஃப் நிறுவனம் அவரைக் கதாநாயகனாக வைத்து ஒரு படம் எடுத்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த மேடைக் கலைஞர்கள் பலர் கூட நடித்தார்கள். எடுத்த படம் வெளிவரவில்லை; எடிட்டிங்கூட நடக்கவில்லை. 1930-களின் இறுதியில் நிறுவனத்தின் பழைய நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகவிருந்த நேரத்தில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவை நடத்திய ஐரிஸ் பேரி அவற்றை வாங்கி வைத்தார். அந்தக் குவியலில் இந்த ஏழு சுருள்களும் இருந்தன. தலைப்பு இல்லை, கதைச் சுருக்கம் இல்லை, நடிகர் பட்டியல் இல்லை.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அருங்காட்சியகத்தார் அதில் என்ன இருக்கிறது என்று முழுமையாக ஆராயத் தொடங்கினார்கள். எப்படி ஆராய்ந்தார்கள் என்பதை அறிந்தால் இந்த வேலையின் அழகு புரியும். பழைய நாடகக் குழுக்களின் போட்டோக்களோடு முகங்களை ஒப்பிட்டார்கள். பேசாத படத்தில் நடிகர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிய, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை அழைத்தார்கள். காட்சிகளின் வரிசையைத் துப்புத் துப்பாகக் கட்டினார்கள். கதாநாயகியாக நடித்தவர் ஒடெசா வாரன் கிரே என்று தெரிந்தது. 2014-இல், படம் எடுத்து நூறு ஆண்டு கடந்தபின், அது முதன்முறையாக மக்கள் முன் வந்தது. ‘லைம் கில்ன் ஃபீல்ட் டே’ என்ற பெயரில் அதே ஆண்டு தேசியத் திரைப்படப் பட்டியலிலும் சேர்ந்தது.

அதில் கேக்வாக் என்னும் ஆட்டத்தை ஆட்கள் வரிசையாக ஆடுகிறார்கள். நன்றாக உடுத்திய ஆண்களும் பெண்களும் திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறார்கள். வில்லியம்ஸும் கிரேயும் காதலர்களாகச் சிரித்து, முத்தமிட்டுக்கொள்கிறார்கள். படம் எடுக்காத இடைவெளிகளும் சுருளில் இருக்கின்றன: நடிகர்கள் நின்று பேசுகிறார்கள், வெள்ளை இயக்குநரும் அவர்களும் கலந்து நிற்கிறார்கள். படம் வெளிவந்திருந்தால் இந்தத் துண்டுகளையெல்லாம் வெட்டி எறிந்திருப்பார்கள். வராமல் போனதால், அந்தக் கலைஞர்கள் நடிக்காத நேரத்தில் எப்படி இருந்தார்கள் என்பதையும் நாம் பார்க்க முடிகிறது.

இதைவிடப் பழைய, அரை நிமிடம்கூட ஓடாத இன்னொரு படமும் உண்டு. 1898-இல் சிகாகோவில் வில்லியம் செலிக் எடுத்தது. ஒரு கறுப்பின இணை கட்டிக்கொள்கிறது, சிரிக்கிறது, மறுபடி முத்தமிட்டுக்கொள்கிறது. கேலி இல்லை, கோமாளித்தனம் இல்லை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் காப்பாளர் டினோ எவரெட் பழைய சுருள்களுக்கு நடுவே இதைக் கண்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் அலிசன் நாடியா ஃபீல்ட், இதில் வருபவர்கள் செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற மேடைக் கலைஞர்கள் என்று அடையாளம் கண்டார். 2018-இல் இதுவும் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. முகம் மட்டும் இருந்த இடத்தில் பெயரும் வந்து அமர்வது சின்ன விஷயம் இல்லை.

கரி பூசிய முகத்தை என்ன செய்வது?

அந்த 1913 படத்தில் வில்லியம்ஸ் முகத்தில் கரி பூசியிருக்கிறார். சுற்றியிருக்கும் மற்றவர்கள் தம் இயல்பான முகத்தோடு நடிக்கிறார்கள். புதிதாக இந்தத் துறைக்குள் வருபவர்களை மிகவும் குழப்புவது இதுதான். கறுப்பினக் கலைஞர் ஏன் கரி பூச வேண்டும்?

1830-களிலிருந்து வெள்ளை நடிகர்கள் எரித்த கார்க்கைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு, அடிமைகளைச் சோம்பேறிகளாகவும் முட்டாள்களாகவும் காட்டி ஆடினார்கள். மின்ஸ்ட்ரல் ஷோ என்ற பெயரில் அது நாட்டின் மிகப் பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. தாமஸ் ரைஸ் என்பவர் ஆடிய ‘ஜிம் குரோ’ என்ற பாத்திரத்தின் பெயர்தான் பிற்பாடு இன ஒதுக்கல் சட்டங்கள் அத்தனைக்கும் பெயராயிற்று. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினக் கலைஞர்களுக்கு மேடை கிடைத்தபோது, ரசிகர்களும் முதலாளிகளும் அதே கோலத்தை எதிர்பார்த்தார்கள். வேடத்தை மறுத்தால் வேலை இல்லை. பலர் வேடத்துக்குள்ளேயே தங்கள் கலையை நுழைத்தார்கள். வில்லியம்ஸின் அசைவிலும் நிறுத்தி நிறுத்திப் பேசும் நேர்த்தியிலும் தோற்றுப்போன ஒரு மனிதனின் வலி தெரிகிறது. வெறும் கேலிச் சித்திரத்தால் அதைச் செய்ய முடியாது.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. ஐடா ஓவர்டன் வாக்கர் மேடைப் பெண்களின் மதிப்புக்காக 1905-இல் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கேக்வாக்கை வேடிக்கை ஆட்டத்திலிருந்து நேர்த்தியான நடனமாக உயர்த்திய பெருமை அவருடையது. 1912-இல் நியூயார்க்கில், பைபிள் கதையில் வரும் சலோமியின் நடனத்தை ஆடினார். 1914-இல், முப்பத்துநான்கு வயதில் இறந்துவிட்டார்.

இந்தப் பொருட்களைக் காப்பகம் ஒளித்து வைக்கலாமா? இழிவான அட்டைப்படம் கொண்ட இசைத்தாள்களையும், தலைப்பிலேயே வசைச் சொல் உள்ள பாட்டுகளையும் எரித்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. எரித்தால் அந்த அவமதிப்பைச் செய்தவர்களின் குற்றமும் மறையும், அதற்குள்ளிருந்து கலை செய்தவர்களின் திறமையும் சேர்ந்து மறையும். அதே சமயம், விளக்கம் இல்லாமல் அப்படியே தூக்கிக் காட்டுவதும் தவறு. பழைய நூலகப் பட்டியல்கள் பலவற்றில் படைப்பு வெள்ளைத் தயாரிப்பாளர் பெயரில் இருக்கும், கலைஞரின் பெயரே இருக்காது. இப்போது பல காப்பகங்கள் மூலத் தலைப்பை மாற்றாமல், பக்கத்தில் விளக்கக் குறிப்பும் கலைஞர்களின் பெயர்களும் சேர்த்து எழுதுகின்றன. அலமாரிக்குப் பின்னால் நடக்கும் இந்தப் பட்டியல் வேலைதான் இந்தத் துறையின் முதுகெலும்பு.

காத்தவர்கள் யார்?

கலைஞர்கள் தாங்களே முதலில் இதைப் பற்றி யோசித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1908-இல் ஹார்லெமில் ஜார்ஜ் வாக்கர், பெர்ட் வில்லியம்ஸ், பாப் கோல், ஜெசி ஷிப் முதலானவர்கள் ‘தி ஃபிராக்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நூலகம் அமைப்பது, கறுப்பினக் கலைஞர்கள் பங்கேற்ற நாடகங்களின் நோட்டீஸ்களைத் திரட்டுவது, நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிப்பது ஆகியவை அதன் நோக்கங்களில் இருந்தன. புகழின் உச்சியில் இருந்தபோதே, பின்னால் வருபவர்கள் தங்களை மறந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கறுப்பினப் பத்திரிகைகள் இன்னொரு பெருங்கிடங்கு. இண்டியானாபோலிஸ் நகரிலிருந்து வந்த ‘ஃப்ரீமன்’ வார இதழ் மேடைச் செய்திகளுக்கென்றே பக்கம் ஒதுக்கியது. பயணத்தில் இருந்த கலைஞர்கள் தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம், யார் குழுவில் சேர்ந்தார், யாருக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் எழுதிப் போடுவார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களும் பத்திரிகை முகவரிக்கே வரும். பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத வாழ்க்கை முழுவதும் அந்தப் பக்கங்களில் கிடக்கிறது.

ஆர்டுரோ ஷாம்பர்க் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் நூல்களையும் தாள்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1926-இல் கார்னகி நிதியிலிருந்து 10,000 டாலர் கொடுத்து அந்தச் சேகரிப்பை நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளைக்கு வாங்கினார்கள். இன்றைய ஷாம்பர்க் மையம் அதிலிருந்து வளர்ந்தது. பேராசிரியை ஹெலன் ஆர்ம்ஸ்டெட் ஜான்சன் ஆண்டுக்கணக்கில் தேடித் திரட்டிய கறுப்பின நாடகப் போட்டோக்களும் ஆவணங்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. வாஷிங்டனின் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் மூர்லண்ட் ஸ்பிங்கார்ன் மையம் இருக்கிறது. சிசியரெட்டா ஜோன்ஸ் தம்மைப் பற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டிவைத்த புத்தகம் அங்கே பாதுகாப்பாக உள்ளது. குரல் கிடைக்காத அந்தப் பாடகியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவர் தம் கையால் ஒட்டிய அந்தத் துண்டுகளிலிருந்து வந்தது.

தாள் இல்லாத இடத்தில் நினைவு உதவும். ஜேம்ஸ் ஹாட்ச், கமில் பிலப்ஸ் தம்பதியர் 1970-களிலிருந்து நியூயார்க்கில் தங்கள் இல்லத்திலேயே கறுப்பினக் கலைஞர்களை அழைத்து, பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார்கள். அந்தச் சேகரிப்பு இப்போது அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உள்ளது.

அரசே சேர்த்ததை அரசே மறந்த கதையும் உண்டு. 1935 முதல் 1939 வரை அரசு நிதியில் நடந்த ஃபெடரல் தியேட்டர் திட்டத்தில் கறுப்பினக் குழுக்கள் பல இயங்கின. ஹார்லெமின் லஃபயெட் அரங்கில் 1936-இல் முழுக்கக் கறுப்பின நடிகர்களோடு நடந்த மெக்பத் நாடகம் அதில் புகழ்பெற்றது. அதன் இறுதி நான்கு நிமிடக் காட்சி ஒரு செய்திப் படத்தில் தப்பியிருக்கிறது. திட்டத்தின் ஆவணங்கள் எங்கே போயின என்று பலருக்கும் தெரியாமலே இருந்தது. 1974-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்டிமோருக்கு அருகே ஒரு விமானக் கொட்டகையில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஆவணங்கள் மீண்டன. லஃபயெட் அரங்கின் கட்டடமோ 2013-இல் இடிக்கப்பட்டது.

கல்லறைகளும் இந்தப் பணியில் சேரும். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் இறந்தார்; 1970 வரை அவர் கல்லறையில் கல் இல்லை. சிசியரெட்டா ஜோன்ஸுக்கு 2018-இல்தான், மக்கள் கொடுத்த நன்கொடையில், பிராவிடன்ஸில் பெயர் பொறித்த கல் நட்டார்கள்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அமெரிக்காவில் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. பாடியவர் இறந்து பல பத்தாண்டு ஆகியிருக்கும்; பதிவு செய்த நிறுவனமும் மறைந்திருக்கும்; ஆனாலும் பதிவைத் தயங்காமல் வெளியிட முடியாது. 2018-இல் வந்த சட்டத்தின்படி, 1923-க்கு முன் வெளியான பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 அன்று பொது உடைமை ஆயின. ஜார்ஜ் ஜான்சனின் சிரிப்பு, ஃபிஸ்க் நால்வரின் 1909 பாட்டு, பெர்ட் வில்லியம்ஸ் பாடியவற்றில் பெரும்பகுதி எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் நடத்தும் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ தளத்திலும், சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெழுகு உருளைத் தொகுப்பிலும் இந்தக் காலத்துப் பதிவுகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் கேட்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பெர்ட் வில்லியம்ஸின் ‘நோபடி’ பாட்டைச் சொல்வேன். 1906-இல் ஒருமுறை பதிவு செய்தார், 1913-இல் மறுபடி பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்த வரியை இழுக்கிறார், எங்கே பாடுவதை விட்டுப் பேசத் தொடங்குகிறார், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். கேட்கும்போது இரைச்சல் இருக்கும். இரண்டாவது தடவை கேட்கையில் காது பழகிவிடும்.